பாதிக்கு மேல்

முப்பத்தொரு படங்கள்.
விடுதியின் இரண்டாம் மாடி ஜன்னல், கீழே கோட்டோர் சதுக்கம்,
ஒரே முக்காலி, ஒரே கோணம்,
இரண்டு நிமிடத்துக்கு ஒன்று.
மூட்டமான நாளாகப் பார்த்துத்தான் போனேன்,
நிழல் நகர்ந்தால் கணக்குக் கெட்டுவிடும்.

சுற்றுலா அலுவலகத்து த்ரீபோவுக்கு
ஆளே இல்லாத சதுக்கம் வேண்டுமாம்.
ஆட்களை வரவழைக்க.

மென்பொருளுக்கு ஒரே ஒரு சட்டம்:
முப்பத்தொன்றில் பாதிக்கு மேல்
ஓரிடத்தில் எது இருந்ததோ
அதுதான் இருக்கிறது.
மற்றதெல்லாம் வந்து போனது.

அடுக்கினேன். கட்டளை கொடுத்தேன்.
கப்பலிலிருந்து இறங்கியிருந்த கூட்டம்
ஒரு தும்மலுக்குள் காலி.
கொடி பிடித்து முன்னே நடந்த வழிகாட்டி,
கவிழ்ந்த ஐஸ்கிரீமுக்கு அழுத பையன்,
அவனை இழுத்துப் போன கை.
நான்கு படம் முழுக்க முத்தமிட்டுக்கொண்டே இருந்தது ஒரு ஜோடி.
நான்கு போதாது.
மருந்துக்கடை வாசலில் நின்று
தொலைபேசியில் சண்டை பிடித்தவனை எண்ணினேன்: பதினான்கு.
இன்னும் இரண்டு படத்துக்குக் கோபம் நீடித்திருந்தால்
மிஞ்சியிருப்பான்.

கோபுரக் கடிகாரத்திலும் முட்கள் இல்லை.
அவையும் நடந்துகொண்டேதான் இருந்தன.
நடுவில் ஆணி மட்டும்.

மிஞ்சியது படியில் தூங்கிய பூனை ஒன்று,
பிறகு அவள்.

நெவெங்கா.
படகுச் சவாரிக்குச் சீட்டு விற்பவள்.
மார்பில் குகையின் படம் போட்ட அட்டை,
எடையை இடக்காலில் போட்டு நிற்கிறாள்.
முப்பத்தொன்றிலும் அதே கால்.
முகம் மட்டும் கொஞ்சம் கலங்கல்,
வருகிறவர் பக்கமெல்லாம் திரும்பித் திரும்பி.

பூனை இருக்கட்டும் என்றார் த்ரீபோ.

அவளைச் சுற்றிக் கோடு இழுத்தேன், அழித்தேன்.
அவள் வடிவத்தில் ஒரு வெள்ளை.
அதை நிரப்பக் கல் வேண்டும்.
அவள் மறைத்த கல் எப்படி இருக்கும் என்று
முப்பத்தொரு படத்துக்கும் தெரியவில்லை.
பக்கத்துக் கல்லை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன்,
ஒரே விரிசல் இரண்டு தடவை வந்து இளித்தது.

மறுநாள் விடிவதற்கு முன்பே மழை.
போய்க் கேட்டேன்:
ஒரே ஒரு நிமிடம் தள்ளி நிற்க முடியுமா?
எதற்கு என்றாள்.
சொன்னேன்.
பத்து நாற்பதுக்குப் படகு, அதற்குள் முடி என்றாள்.
வேறொன்றும் கேட்கவில்லை.

படியேறி ஜன்னலுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்,
சதுக்கம் முழுக்க நனைந்து கறுத்திருந்தது.
எனக்கு வேண்டியதோ உலர்ந்த கல்,
நேற்றைய கல்.
படகுக் கம்பெனியின் பெரிய நீலக் குடைக்கு அடியில் மட்டும்
அது இருந்தது,
காலையிலிருந்து அவள் நகராததால்.

கையசைத்தேன்.
குடையோடு நான்கு எட்டு நகர்ந்தாள்.
வெளிறிய ஒரு வட்டம்.
தூறல் அதைக் கண்டுகொள்வதற்குள்
இரண்டு முறை அழுத்தினேன்.

ஒட்டியதும் தையல் தெரியாமல் பொருந்தியது.
உற்றுப் பார்த்தால் ஐந்து துளிகள்.
மூன்றை அழித்தேன்.
நான்காவதில் கை வைத்து
விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து த்ரீபோவிடமிருந்து அழைப்பு.
பிரமாதம், மூச்சு விடக்கூட ஆளில்லை,
ஒரு குறைதான்:
கடிகாரத்தில் முள் எங்கே?

எத்தனை மணி வைக்கட்டும்?

உன் இஷ்டம் என்றார்.

பத்து நாற்பது வைத்தேன்.